கம்பெனி கைமாறிய வருடம்

எங்கள் கம்பெனியை விற்கப்போகிறார்கள் என்பது முதன்முதலில் தெரிந்தது எனக்குத்தான் என்று உறுதியாக நம்புகிறவர்கள் மலாக்காவில் இன்னும் இரண்டொருவர் இருக்கிறார்கள். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் பழைய ஆபீஸ்காரர் ஒருவர் பக்கத்து இலையிலிருந்து சாய்ந்து, "அப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு; சந்தேகம் மட்டும் நரைக்கவில்லை. ரசம் வருகிறது, இலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் சாப்பாட்டில் குனிந்துகொண்டேன். உண்மை என்னவென்றால், அந்தக் கட்டடத்தில் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்.

சந்தேகத்துக்குக் காரணம் என் வேலை. அது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி. தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை வாங்கிக் கப்பலேற்றும். கப்பலில் வரும் டின்பாலையும் பிஸ்கட்டையும் சிமெண்டையும் ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கும். ஆற்றை ஒட்டிய கட்டடம். மேலே ஆபீஸ், கீழே பின்பக்கமாகக் கிடங்கு. மாடிப்படிக்கு அடியில் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குள் டெலிபோன் போர்டும் நானும். வெளியிலிருந்து எந்தக் கால் வந்தாலும் நான்தான் எடுத்து, கயிற்றின் முனையை உரிய துளையில் குத்தி, கேட்டவரிடம் சேர்த்துவிட வேண்டும். கான்வென்டில் படித்த இங்கிலீஷ் அந்த வேலையை வாங்கித் தந்தது. கல்யாணம் ஆனால் பெண்களை நிறுத்திவிடுவது அந்தக் காலத்து வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆனபோது என்னை நிறுத்த யாருக்கும் ஞாபகம் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

என் கணவரும் அதே கம்பெனிதான். கிடங்கில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரித்து எழுதி வைக்கும் குமாஸ்தா, கிராணி என்போம். இரண்டு பேர் சம்பளமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று நினைத்துத்தான் என் மாமனார் என்னைப் பெண் கேட்டு வந்தார். அந்த ஒரு கூரை விழுந்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, என் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

நாங்கள் குடியிருந்தது காஜா பெராங்கில், கம்போங் செட்டியின் ஓரத்தில். வீட்டுக்காரி அடுத்த வீட்டிலேயே இருந்தாள். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டிப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எங்களைப் போலவே விபூதி பூசுவாள், விளக்கேற்றுவாள். கோயில் பேச்சில் வரும் சில வார்த்தைகளைத் தவிர அவளுக்குத் தமிழ் வராது. அவர்கள் வீட்டு மலாயில்தான் எல்லாம். எனக்கு மலாய் ஓரளவு வரும். அவளிடம் பேசிப் பேசி நன்றாகவே வந்துவிட்டது. மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுவாள். அந்த வருடம் எனக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது. மற்ற யாரும் எதையும் நேராகச் சொல்லவில்லை.

ஆரம்பித்தது ஒரு நாயால். எங்கள் துரை, அதாவது மேனேஜர், தன்னுடைய பெரிய பழுப்பு நாயைப் பெரிய கிராணியிடம் கொடுத்துவிட்டார். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஆபீசில் துரைக்கு அடுத்தது அவர்தான். நாயைப் பிடித்துக்கொண்டு அவர் தெருவில் போனதைப் பார்த்தவர்கள் மறுநாள் காலை ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள். நாயைக் கொடுக்கிறவன் கப்பல் ஏறப்போகிறவன். கப்பல் ஏறுகிறவன் கம்பெனியை விற்றுவிட்டுத்தான் ஏறுவான். நாடு சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. தோட்டங்களை வெள்ளைக்காரர்கள் விற்கிறார்கள், துண்டு போடுகிறார்கள் என்று தினமும் ஏதாவது ஒரு செய்தி. ஆகவே நாயிலிருந்து கம்பெனிக்குப் போக அதிக தூரம் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து என் பலகைத் தடுப்புக்கு ஆள் வரத் தொடங்கினார்கள். குடையை மறந்துவிட்டேன் என்று ஒருவர். மணி என்ன என்று ஒருவர். அவர் கையில் கடிகாரம் கட்டியிருந்தார். எல்லோரும் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்றையே கேட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து கால் வந்ததா, துரை என்ன பேசினார், யார் வாங்குகிறார்கள். பெரிய கிராணி மட்டும் மரியாதையாக ஆரம்பித்தார்.

"பிள்ளை, உமக்குத் தெரியாமல் இருக்குமோ? கேட்டதை என்னிடம் மட்டும் சொல்லும். நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்க மாட்டன்."

நான் கேட்பதில்லை என்றேன். அவர் சிரித்தார். மீன்காரி மீன் தின்பதில்லை என்று சொன்னால் சிரிப்பது போன்ற சிரிப்பு.

நான் சொன்னது உண்மை. போர்டில் ஒரு விசை உண்டு. அதைத் தள்ளினால் பேசுவது எனக்கும் கேட்கும். லைன் கிடைத்துவிட்டதா என்று பார்ப்பதற்கு மட்டும் அதைத் தொடுவேன். எனக்கு முன்னால் அங்கே இருந்த செரானிப் பெண், போர்த்துக்கீசிய வம்சத்துக்காரி, முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதுதான்: கேட்டால் முகத்தில் தெரிந்துவிடும், முகத்தில் தெரிந்தால் வேலை போய்விடும். என் முகம் எதையும் மறைக்கத் தெரியாத முகம் என்பது எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை. இதில் பெரிய தர்மம் ஒன்றும் இல்லை.

இதை வீட்டில் நம்பவைக்க முடியவில்லை. என் கணவர் சாப்பிடும்போது ஆரம்பிப்பார், படுக்கும்வரை விடமாட்டார்.

"ஒரு நிமிஷம் காதுல வச்சா போதும். குடியா முழுகிடப்போவுது?"

"கேட்டது தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"கேக்கலைன்னா ரெண்டு பேரு வேலையும் போயிடும். அத யோசிச்சியா?"

யோசித்திருந்தேன். ஆனால் கேட்டு என்ன செய்யப்போகிறோம் என்று நான் திருப்பிக் கேட்டேன். தெரிந்தால் போதும் என்றார். தெரியாமல் இருப்பதுதான் அவரை அரித்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவைத் தோட்டத்திலிருந்து விரட்டியதைப் பார்த்தவர் அவர். யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லையாம். சாமான்களை ரோட்டோரம் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருந்த அந்தக் காலையைப் பற்றி எப்போதாவது சொல்வார். அதனால் எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. இருந்தாலும் இரக்கத்தை வைத்துக்கொண்டு தினமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

பதில் கிடைக்காதவர் திட்டம் போட ஆரம்பித்தார். முதலில் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்றார். அவரும் நானும் இங்கே பிறந்தவர்கள். இந்தியாவில் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்றுகூட இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு கோழி. வேலை போனாலும் முட்டை இருக்கும் என்று பாசாரிலிருந்து கோழிகளைக் கூடையோடு வாங்கிவந்து பின்பக்கம் கூண்டு அடித்தார். கூண்டுக்கதவு சாத்திக்கொள்ளாது. கோழிகள் நேராக வீட்டுக்காரியின் பூச்செடிகளுக்குப் போயின. அவள் கோயிலுக்குக் கட்டும் பூ அது. ஒரு காலையில் பிய்ந்துகிடந்த செடியைக் கையில் பிடித்துக்கொண்டு என் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உன் புருஷனுக்கு வேலை போகுமோ போகாதோ எனக்குத் தெரியாது. என் செடி போய்விட்டது" என்றாள் மலாயில்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கோழியை என்ன செய்வது என்று கேட்டேன். குழம்பு வை என்றாள். வைத்தேன். ஒன்றை அவளுக்கும் கொடுத்தேன்.

அந்த மாதங்களில்தான் சுதந்திரத்துக்குத் தேதி குறித்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் அதை அறிவித்த அன்று ஊரே அங்கே இருந்தது. என் கணவரும் போனார். மெர்டேக்கா மெர்டேக்கா என்று கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பினார். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து நாளாகியிருந்தது. சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே யோசித்தவர், கம்மிய குரலில் சொன்னார்: "ஒரு நாட்டுக்கே தேதி சொல்லிட்டாங்க. ஒரு கம்பெனிக்குச் சொல்ல மாட்டேங்கிறாங்க, பாரு."

அவர் சொன்னது சரிதான்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கோட்டுப் போட்ட சீனர்கள் மூன்று பேர். ஆபீசைச் சுற்றினார்கள், கிடங்கைச் சுற்றினார்கள், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களில் ஒல்லியாக, வெயிலில்லாத இடத்திலும் குடையைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்த ஒருவர் என் தடுப்புக்குள் எட்டிப்பார்த்தார். போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வைக்கு ஆபீசில் ஒரு வாரம் அர்த்தம் சொன்னார்கள். ஆபரேட்டரை மாற்றப்போகிறார்கள் என்றார்கள் சிலர். ஆபரேட்டர் ஏற்கெனவே அவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டாள், அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேனென்கிறாள் என்றார்கள் மற்றவர்கள்.

அந்த இரண்டாவது கதைதான் நிலைத்தது. மேலே டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் என்னோடு சேர்ந்து வீட்டுக்கு நடப்பதை நிறுத்தினாள். அவளும் பாவம், விதவைத் தாயோடு இருந்தவள். பிரார்த்தனைக்கு மெழுகுவர்த்தி வாங்கியே நொந்துபோயிருந்தாள். பெரிய கிராணி ஒரு புது டை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மலாக்கா வெயிலில் அது அவரை மூச்சுத்திணற வைத்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவருவார்கள். ஒரு நாள் எனக்கு மட்டும் வரவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. தட்டு என் தடுப்பைத் தாண்டி நேராக மாடிக்கு ஏறியது. தேத்தண்ணியைக்கூட எனக்குத் தரக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் அழுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரிடமாவது சண்டை போட வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து சிங்கப்பூர் டிரங்க் கால் வந்தது.

துரையைக் கேட்டார்கள். துரை இடத்தில் இல்லை. ஆற்றுப்பக்கம் படகில் சரக்கு ஏற்றுவதைப் பார்க்கப் போயிருந்தார். ஆளனுப்பிவிட்டு, வந்துகொண்டிருக்கிறார், காத்திருங்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். காத்திருக்கிறேன் என்றது அந்தக் குரல். வயதான குரல், அவசரமில்லாத குரல், உத்தரவு போட்டுப் பழகிய குரல். லைனில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மேலே கோப்பைகள் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஐயா, எங்கள் கம்பெனியை வாங்குகிறவர் நீங்கள்தானா?" என்று கேட்டேன்.

ஆரம்பித்துவிட்டேன், இனிமேல் நிறுத்துவதில் அர்த்தமில்லை.

"அப்படியென்றால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். எங்களை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, அனுப்பப் போகிறீர்களா? எதுவாக இருந்தாலும் சரி. தெரியாமல் இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் கடித்துக்கொண்டிருக்கிறோம்."

"பேசுவது யார்?"

"ஆபரேட்டர்."

"மேனேஜர் வந்தால் கொடு" என்றார். துரையின் பூட்ஸ் சத்தம் படியேறியது. கயிற்றைக் குத்தினேன். அவர்கள் பேசியதைக் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை. இதைத்தான் இன்றுவரை யாரும் நம்புவதில்லை.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். கணவரிடம் மறைத்துப் பழக்கமில்லை. தவிர, அவர் மெச்சுவார் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். எத்தனை மாதமாக அவரை அரித்த கேள்வியைத்தானே அவருக்காகக் கேட்டிருக்கிறேன். அவர் சோற்றுத்தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"கேளுன்னா லைனத்தானே கேக்கச் சொன்னேன். மொதலாளியவா கேக்கச் சொன்னேன்?"

அன்றைக்குப் பிறகு அவருக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. ஆபரேட்டர் யார், அவள் புருஷன் யார் என்று அவர்கள் விசாரித்துவிடுவார்கள். முதலில் போகப்போவது நாம்தான். துரத்தும்வரை நிற்கக்கூடாது, அப்பா நின்றது போல நிற்கக்கூடாது. இதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. தம்பின் என்ற பக்கத்து ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் பழைய லாரி ஒன்று வைத்துக்கொண்டு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை போய் அவரைப் பார்த்தார். திங்கட்கிழமை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் துரை சொல்லித்தான் தெரியும். மேலே கூப்பிட்டார். டிரங்க் கால் விஷயம்தான், முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் கணவர் நல்ல வேலைக்காரர், ஏன் திடீரென்று போகிறார் என்று கேட்டார். என் புருஷன் வேலையை விட்டதை வேறொருவர் வாயால் கேட்கும்போது எந்த மனைவி என்ன முகத்தை வைத்துக்கொள்வாள்?

எங்களை வைத்துக்கொள்வார்களா என்று யாரும் சொல்லவில்லை, அதனால்தான் என்றேன்.

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னை வைத்துக்கொள்வார்களா என்றே எனக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். சம்பிரதாயத்துக்காகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. அவர் கழுத்து சிவந்திருந்தது. கிளப்பில் யாரோ சொல்லித்தான் விற்பனை பற்றி அவருக்கே முதலில் தெரியுமாம். அப்படியென்றால் நாயை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். தோட்டக்காரனை அது கடித்துக்கொண்டே இருந்தது, அதனால்தான் என்றார்.

படியிறங்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு பல வருடங்கள் கழித்து வந்தது.

வீட்டில் அன்றைக்கு நான் போட்ட சண்டையை வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முழுக்கக் கேட்டாள். மொழி தெரியாவிட்டாலும் புரிந்திருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிச் செய்யலாம் என்றேன். நீ மட்டும் என்னைக் கேட்டுவிட்டா முதலாளியிடம் பேசினாய் என்றார். இந்த இரண்டு வரியையே ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். துப்பியதை நக்கமாட்டேன் என்றார். அந்த மாதக் கடைசியில் கிடங்குச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தம்பின் பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்துபோனது, சீனப் புத்தாண்டு வந்துபோனது, ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் எல்லோரும் கிடங்குக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ரப்பர் மூட்டைகளுக்கு நடுவே நின்றோம். குடைக்காரச் சீனர் ஒரு மூட்டைமேல் ஏறி நின்றார். அவர்தான் புது மேனேஜர். கம்பெனியை வாங்கிய சிங்கப்பூர் தவுக்கேயின், அந்தச் சீன முதலாளியின், சொந்தக்காரர். எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினார். கம்பெனி கைமாறுகிறது. யாரையும் அனுப்பப் போவதில்லை. பழைய சர்வீஸ் அப்படியே தொடரும். அவ்வளவுதான் பேச்சு. டைப் அடிக்கும் பெண் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பேசாமல் இருந்த மாதங்களெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டன. பெரிய கிராணி டையைத் தளர்த்திக்கொண்டார். எனக்குத் தேத்தண்ணி வந்தது.

நான் அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, என் கணவர் நின்று தரம் பிரிக்கும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பழக்கிவிட்ட சின்னவன் ஒருவன் அங்கே நின்றிருந்தான். நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. பயந்து நாங்கள் செய்துகொண்டது மட்டும் நடந்திருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. ஒரு வருடம் முன்னால் இதே வார்த்தைகளை இதே மூட்டைமேல் ஏறிச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முடிவாகாத விஷயம் என்பார்கள். முடிவாகவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாமே.

அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரச் சனிக்கிழமை ஆனது. தம்பினிலிருந்து சட்டையெல்லாம் கிரீஸோடு வந்திருந்தார். குழாயடியில் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். நுரை போய்ச் சுத்தமான பிறகும் கழுவினார்.

"நீ கேட்டதாலதான் அந்த ஆளு சொல்லியிருப்பானோ என்னமோ" என்றார்.

அது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் குரலை நான் மறுபடி கேட்கவில்லை.

லாரி நிலைக்கவில்லை. ரிப்பேர் ஆகாத வாரம் இல்லை. கடைசியில் கூட்டாளி யாரிடமும் சொல்லாமல் அதை சிகாமட் பக்கம் யாருக்கோ தள்ளிவிட்டார். சொல்லாமல் செய்வது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்ட வியாதி போலும். என் கணவர் வீட்டில் உட்கார்ந்தார். காலையில் நான் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். அந்தப் பேப்பருக்குப் பின்னால் இருக்கிற முகத்தை நினைத்தாலே எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். புதுத் திட்டம் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கோழியாவது வாங்கிவந்தால் தேவலை என்றிருந்தது.

மெர்டேக்கா வந்தது. ஊர் முழுக்கத் தோரணவாயில்கள், கலர் விளக்குகள். நாங்களும் திடலுக்குப் போனோம். எங்கள் ஆபீஸ்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். எல்லோர் கையிலும் கொடி. பெரிய கிராணி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நின்றிருந்த என் கணவரைக் காணோம். மழைமரத்துக்கு அந்தப் பக்கம் போய், ஐஸ் விற்கிறவனிடம் மும்முரமாக ஏதோ விலை பேசிக்கொண்டிருந்தார். வாங்கவே இல்லை. அவர்கள் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் வேலியோரம் துணி காயப்போடும்போது வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். புது மேனேஜரிடம் நானே போய்க் கேட்டுவிடலாமா என்று நினைக்கிறேன் என்றேன். அவள் துணியை உதறிக்கொண்டே, "எத்தனை பேருக்காக நீயே கேட்பாய்?" என்றாள். அதில் உபதேசம் எதுவும் இல்லை. அவளுக்கும் என்னைப் பார்த்துச் சலித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அது எனக்கு வேண்டியிருந்தது.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். "நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். ஒரு தடவ கேட்டது போதும். வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க. வேணாம்னா அந்தப் பேப்பர எறக்கி வச்சிட்டு வேற ஏதாச்சும் பாருங்க."

கத்துவார் என்று நினைத்தேன். மறுநாள் நான் கிளம்பும்போது அவர் இஸ்திரிப்பெட்டிக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தார்.

புது மேனேஜர் அவரைக் காலை முழுக்கக் கீழே உட்கார வைத்தார். என் தடுப்பிலிருந்து பார்த்தால் அவர் முழங்காலும் கைக்குட்டையும் மட்டும் தெரிந்தன. கைக்குட்டையை மடிப்பார், பிரிப்பார். யார் கால் செய்தாலும் எனக்குத் துளை மாறிப்போனது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டார்கள். சீக்கிரமே இறங்கி வந்துவிட்டார். என்னைப் பார்க்காமல் வெளியே போனார்.

சாயங்காலம் விஷயம் தெரிந்தது. வரலாம், ஆனால் புது ஆளாகத்தான் வரவேண்டும். பழைய வருடங்கள் கணக்கில்லை. தரம் பிரிக்கும் மேஜைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறான், அவனுக்குக் கீழே.

"நான் சொல்லிக்குடுத்த பையன் அவன்" என்றார். "நல்ல ஷீட் எது, புகை ஜாஸ்தியா ஏறினது எதுன்னு வெளிச்சத்துல தூக்கிப் பாக்கக் காட்டிக்குடுத்ததே நான்தான். இனிமே அவன் எனக்கு வேலை சொல்லுவான்."

துரை இருந்தவரை தனக்கு இடம் இருந்தது என்றார்; தானே எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டுச் சொன்னார். புது மேனேஜரைத் திட்டினார், தம்பின்காரரைத் திட்டினார், வெள்ளைக்காரனைத் திட்டினார், கொஞ்சம் என்னையும் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, மத்தியானம் சாப்பிடாதது ஞாபகம் வந்து சோறு கேட்டார். போட்டேன். எப்போது வரச் சொன்னார்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றார்.

திங்கட்கிழமை சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்து மிதித்தார். பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, நீ முன்னால் போ, நான் பிறகு வருகிறேன் என்றார். நான் இறங்கினேன், ஆனால் போகவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. ஆற்றில் படகுக்காரர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். போயேன் என்றார். போகமாட்டேன் என்றேன். நேரமாகிறது என்றார். ஆகட்டும் என்றேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். நான் கூடவே நடந்தேன். வாசலில் அந்தச் சின்னவன் நின்றிருந்தான். இவரைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். இவர் கொடுக்கவில்லை. தானே கொண்டுபோய் நிறுத்தினார்.

மத்தியானம் சாப்பாட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு என் தடுப்புக்கு வந்தார். பழைய ஆட்கள் எல்லோரும் கிடங்கில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே அவர் உட்காரவில்லை என்பது புரிந்தது. நானும் கேட்கவில்லை. பலகைத் தடுப்பில் சாய்ந்து நின்றுகொண்டே டின்னைத் திறந்தார். மீன் குழம்பில் உப்பு குறைவு என்றார். காலையிலிருந்து அவர் நின்றே வேலை செய்திருந்தார். தடுப்புக்குள் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். எழுந்து அதை அவர் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்பார், சண்டை வரும் என்று நினைத்தேன். உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தச் சமயம் பார்த்து மேலிருந்தும் வெளியிலிருந்தும் கால் மேல் கால் வந்தது. நான் நின்றுகொண்டே கயிறுகளைக் குத்திக்கொண்டிருந்தேன்.